ஃபோல்கர் வீட்டுக் காளான்கள்

வானே என்ற ஊரின் கால்வாய்க் கரையில் ஃபோல்கர் ஷ்ட்ராட்மானின் வீட்டுக்குள் நுழைகிறவர்கள் காலணியை மட்டுமல்ல, குரலையும் வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் போவார்கள். கூடத்தின் ஒரு சுவர் முழுக்கக் கடல் தண்ணீர்த் தொட்டி. மேலே கண்ணைக் கூசவைக்கும் விளக்குகள், உள்ளே நாலு மூலையிலும் பம்புகள், பாறை முழுக்க நீலமும் ஊதாவுமாய்க் கிளைவிட்ட கல் பவளங்கள். கடல்தொட்டி வளர்ப்பவர்களின் உப்புத்தண்ணிச் சங்கத்தில் அப்படியொரு தொட்டி வேறு யாரிடமும் இல்லை. சங்கத்துக்கு அவன்தான் செயலாளர்.

தொட்டிக்குள் கைவிடுமுன் முழங்கைவரை வெந்நீரில் கழுவுவான். சோப்புப் போட மாட்டான், மீனுக்கு ஆகாது. அப்போதும் கை சில்லிட்டிருந்தால் உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்ட பிறகுதான் உள்ளே விடுவான். பார்க்கிறவர்கள் உருகிப்போவார்கள். அதே கையால்தான் பெண்டாட்டியை அடித்தான். அடித்து முடித்ததும் நேரே தொட்டிக்குப் போய், மூச்சு அடங்கும்வரை மீனுக்கு இரை போடுவான். அவனை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

பெண்டாட்டி பெயர் குண்டுலா. பன்றி அறுக்கும் ஆலையில் எலும்பெடுக்கும் வரிசையில் வேலை. இடது கையில் இரும்பு வலைக் கையுறை, வலது கையில் ஒடிசலான கத்தி. பன்றித் தொடை ஒவ்வொன்றாக வந்து விழும். கத்தியை அழுத்தக்கூடாது, கறி தானாக விலகுகிற இடத்தில் நுனியை வைத்து இழுத்தால் போதும், மூட்டு வாயைத் திறக்கும். மதியம் வீட்டுக்கு வந்தால் விரல்களை மடக்க முடியாது. அந்த விரல்களோடுதான் பீப்பாயில் உப்புக் கரைப்பாள், கண்ணாடியில் படிந்த பச்சையைச் சுரண்டுவாள், விளிம்பில் பூத்த உப்பைத் துடைப்பாள். பேர் மட்டும் ஃபோல்கருக்கு.

அடிக்கக் காரணம் எதுவும் வேண்டியதில்லை. சூப் ஆறியிருக்கும், உப்பு அளக்கும் கோப்பை இடம் மாறியிருக்கும், அவன் வேலை பார்க்கும் டிராம் பணிமனையில் மேஸ்திரி எதையாவது சொல்லியிருப்பான். முகத்தில் மட்டும் கைவைக்க மாட்டான், அந்த அளவுக்கு விவரமானவன். ஆனாலும் சங்கத்தார் வரும் ஞாயிறுகளில் அவள் காபிக் கெண்டியை ஒரு கையால் தூக்க முடியாமல் இரண்டு கையாலும் பிடிப்பதும், நாற்காலியில் பக்கவாட்டில் உட்கார்வதும் யாருக்கும் தெரியாமல் இல்லை. அப்போதெல்லாம் அத்தனை பேரும் மீனைப் பார்த்தார்கள். பார்ப்பதற்கு நல்ல மீன்கள்தான்.

ஒருமுறை தங்கை வீட்டுக்கு ஓடிப்போனாள். ஃபோல்கர் பூங்கொத்தோடு போய் நின்றான். தங்கை புருஷனே இவள் பையைத் தூக்கி வந்து அவன் காரில் வைத்தான். அதற்குப் பிறகு அவள் ஓடவில்லை.

அடுத்த சந்தில் லிஸ்பெத் வீஷெர்ட் இருந்தாள். விதவை, மெலிந்த உடம்பு, நீண்ட நாக்கு. கேக் தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போன குண்டுலா, சமையலறையில் நிலக்கரி அடுப்புக்குப் பக்கத்தில் லிஸ்பெத்தின் தொட்டியைப் பார்த்தாள். மங்கலான ஒற்றை விளக்கு, லேசாக மஞ்சளோடிய தண்ணீர், இருக்கிறதா இல்லையா என்று தெரியாத ஓட்டம். உள்ளே கல் பவளம் ஒன்றுகூட இல்லை. காபித் தட்டு அகலத்துக்கு, கல்லெலும்பு இல்லாமல் சதையாய் விரிந்த காளான் பவளங்கள், சிவப்பும் கரும்பச்சையுமாக, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. சங்கத்தில் இதைக் களை என்பார்கள், புதுசாகத் தொட்டி வைக்கிறவன் வளர்ப்பது என்பார்கள்.

"இதுக்கு வெளிச்சமும் வேணாம், அடிச்சு ஓடுற தண்ணியும் வேணாம்," என்றாள் லிஸ்பெத். "ஒரு மூலையில கெடக்க விட்டா போதும். தண்ணி கொஞ்சம் அழுக்கா இருக்கணும். ரொம்பச் சுத்தம் பாக்குற வீட்ல சுருங்கிப் போயிரும்."

"மனுசங்களும் அப்படித்தான்னு சொல்ல வர்றீங்களா?"

"நான் எதுக்குச் சொல்றேன். காளானைப் பத்திப் பேசுனா காளானைப் பத்தித்தான் பேசுவேன்."

குண்டுலா சிரித்தாள். சிரித்ததில் விலா வலித்தது. லிஸ்பெத் அதைக் கவனித்தாள், எப்போதும்போல ஒன்றும் கேட்கவில்லை. அடியில் சிறு கல்லோடு இருந்த ஒரு காளானை ஜாம் பாட்டிலில் இறக்கி மூடியைத் திருகினாள்.

"கல்லோட வை. பிய்க்காத. அடியில ஒரு துணுக்கு ஒட்டியிருந்தாலும் மறுபடி முளைச்சு வரும். வெட்டணும்னா வெளிய எடுத்து வெட்டு. உள்ளயே வெட்டுறதா இருந்தா மொதல்ல பம்பை நிறுத்து, புள்ள. இல்லேன்னா துணுக்கெல்லாம் பறந்துபோய்க் கண்ட எடத்துல ஒட்டிக்கும்."

"ரொம்ப நன்றி, லிஸ்…"

ஈரக் கையால் அவள் வாயைப் பொத்திவிட்டாள் லிஸ்பெத். "பதியனுக்கு நன்றி சொல்லக்கூடாது. சொன்னா பிடிக்காது."

அந்தப் பக்கத்து வழக்கம் அது. ஸ்ட்ராபெர்ரிக் கொடியானாலும் பவளமானாலும் நட்டு வளர்க்கப் பதியன் கொடுத்தவருக்கு நன்றி சொல்வதில்லை, சொன்னால் அது பிடித்து வளராது என்பார்கள். கேட்டவருக்குப் பதியன் இல்லையென்று சொல்வதும் கிடையாது. ஒருவன் தொட்டி செத்துப்போனால், முன்பு அவன் கொடுத்ததெல்லாம் பத்து வீட்டிலிருந்து அவனுக்கே திரும்பி வரும்.

குண்டுலா அந்தக் காளானை வீட்டுத் தொட்டியின் பின்பக்கம், பாறையின் நிழலில், தண்ணீர் தூங்குகிற இடுக்கில் ஒளித்து வைத்தாள். ஃபோல்கர் இல்லாத நேரத்தில் நீண்ட இடுக்கியால் இறால் துணுக்கு ஒன்றைக் கொண்டுபோய் அதன் நடுவாயில் வைப்பாள். அது மெல்ல விளிம்பை மடக்கி மூடிக்கொள்ளும். கன்னத்தைப் பக்கவாட்டுக் கண்ணாடியில் ஒட்டிவைத்துக்கொண்டு பார்த்திருப்பாள். ஒன்று இரண்டானது, இரண்டு நாலானது. அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்த சந்தோஷம் அது மட்டும்தான். அதைச் சந்தோஷம் என்று சொல்வதில் அவளுக்கு வெட்கமும் இல்லை.

கால்வாயில் மூடுபனி இறங்கத் தொடங்கிய நாட்களில் ஃபோல்கர் அதைக் கண்டுபிடித்தான். ஒரு கல் பவளத்தின் கிளை வெளுத்திருந்தது. ஏன் என்று கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் தேடியவன் கண்ணில் சிவப்பாக ஒரு காளான் கூட்டம் பட்டது. குண்டுலா கூடத்தின் கோடியிலிருந்த அடுப்பில் உருளைக்கிழங்கு அடை சுட்டுக்கொண்டிருந்தாள். அவன் நேரே அவளிடம் வந்தான். முடியைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினான். வேலைக்குப் போகும் பூட்ஸ் காலால் விலாவில் உதைத்தான், பிறகு இடுப்பில், பிறகு மறுபடி அதே விலாவில். ஏதோ ஒன்று உள்ளே ஒடிந்ததை அவள் காதால் கேட்டாள். எலும்பு ஒடிகிற சத்தம் அவளுக்குத் தெரியாததல்ல.

பிறகு அவன் பழம் நறுக்கும் கத்தியை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனான். காளான் இருந்த பாறையை வெளியே எடுக்க வழியில்லை, அவனுடைய கல் பவளங்கள் அதன்மேல் ஒன்றாகப் பின்னி வளர்ந்திருந்தன. ஆத்திரத்தில் உள்ளேயே சுரண்டினான். அன்றைக்குக் கையைக்கூடக் கழுவவில்லை. தக்காளித் தோல் மாதிரி சிவப்புத் துணுக்குகள் கிளம்பி மிதந்தன. நாலு பம்பும் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. துணுக்குகளை ஒன்று இழுத்தது, இன்னொன்று வீசியது. சில நிமிடத்தில் தொட்டி முழுக்கச் சுற்றிப் பரவி, கண்ணுக்குத் தெரியாமல் அடங்கிப்போயின.

குண்டுலா அடுப்புக்கும் மேசைக்கும் நடுவே தரையில் கிடந்தபடி அதைப் பார்த்தாள். அடை கருகிப் புகைந்தது. பம்பை நிறுத்து என்று சொல்ல வாய் திறந்தது. அத்தனை வருசம் அந்தத் தொட்டிக்கு உழைத்தவளின் வாய் அது, தானாகவே திறந்தது. அவள் அதை மூடிக்கொண்டாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அவனைத் திருப்பி அடித்த முதல் அடி அதுதான்.

பனிக்காலத்தின் நடுவில் கல் பவளக் கிளைகளின் இடுக்கில் சட்டைப் பொத்தான் அளவில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. முதலில் பார்த்தவள் குண்டுலாதான். உள்ளுக்குள் குதித்தாள், அடுத்த நொடியே ஃபோல்கர் எங்கே என்று திரும்பிப் பார்த்தாள். ஃபோல்கர் பார்த்ததும் இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிய்த்தான். பிய்த்த இடத்தில் மூன்று முளைத்தது. மறுபடி பிய்த்தான். சங்கத்துக்கே பாடம் சொன்னவன், தன் வீட்டில் தன் கையாலேயே விதைத்துக்கொண்டிருந்தான். சுரண்டிய பாறையின் அடியில் ஒட்டியிருந்த ஒரு துணுக்கிலிருந்துதான் எல்லாம் வருகிறது என்று நம்பினான், பம்பு அவன் நினைவுக்கே வரவில்லை. காளான் பட்ட இடமெல்லாம் கல் பவளம் வெந்து வெளுத்தது. ஒவ்வொரு கிளை வெளுத்தபோதும் குண்டுலாவின் உடம்பில் ஒரு இடம் கறுத்தது.

ஒரு நாள் அவள் கழுத்தைப் பிடித்து முக்காலிமேல் ஏற்றி முகத்தைத் தொட்டிக்குள் அழுத்தினான். நன்றாகப் பார், நீ கொண்டுவந்து வைத்ததை நன்றாகப் பார் என்று தலைக்குமேல் அவன் கத்துவது தண்ணீர் வழியே கேட்டது. அவள் கண்ணைத் திறந்தாள். உப்பு கண்ணைப் பிடுங்கியது. மூக்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில் காளான்கள் விரிந்து கிடந்தன. இதுகள் நன்றாக இருக்கின்றன என்று நினைத்தாள். மூச்சு முட்டிச் சாகப்போகிற வேளையில் மனசு எங்கே போகிறது பாருங்கள். அவன் இழுத்து வெளியே போட்டபோது தரையில் குப்புறக் கிடந்து வாந்தியெடுத்தாள்.

வசந்தத்தில் சங்கத்தார் வீடு வீடாகப் போய்த் தொட்டி பார்க்கும் ஞாயிறு வரும். அந்த வருசம் முதல் வீடு செயலாளர் வீடுதான். செயலாளரே வரவேண்டாம் என்று சொல்ல முடியாது.

"அவங்க வந்துட்டுப் போகட்டும்," என்றான் ஃபோல்கர் அவளிடம். குரலை உயர்த்தாமல், ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னான். "கதவைச் சாத்துனதும் உன்னை மொத்தமா உள்ள போடுறேன். இந்தத் தடவை வெளிய இழுக்க மாட்டேன்."

அவள் அதை நம்பினாள். நம்பாமல் இருக்க ஒரு காரணமும் இல்லை. சனிக்கிழமை மாவுத் துருவல் தூவிய கேக் சுட்டாள், ஞாயிறு காலை பன்றிக்கறிக் கைமாவையும் வெங்காயத்தையும் ரொட்டிகளில் வைத்து அடுக்கினாள். இன்று சாயங்காலம் நான் இருக்க மாட்டேன் என்று நினைத்துக்கொண்டே வெங்காயம் நறுக்கினாள்.

நாலு பேர் வந்தார்கள். தலைவர் எகோன் ப்ரோப்பர், சுரங்கத்தில் கரி வெட்டி ஓய்ந்தவர், கதவை அடைக்கிற உடம்பு, காது பாதிதான் கேட்கும். அப்புறம் லிஸ்பெத், ரொட்டிக்கடை ஹென்கெ, அவர் மனைவி. வெளியே மழை. ஃபோல்கர் விளக்குகளைத் தணித்து வைத்திருந்தான், ஆனாலும் ஒன்றும் மறையவில்லை. தணிந்த வெளிச்சத்தில் காளான்கள் இன்னும் நன்றாக விரிந்துகொண்டன. சுவர் முழுக்கச் சிவப்பு.

"என்ன ஃபோல்கர், கல்லை வித்துட்டுக் காளான் பண்ணையா வச்சுட்டே?" என்றார் எகோன். ஹென்கெ சிரித்தார். எகோன் கேலிக்குத்தான் சொன்னார், ஆனால் அவருக்கு நிஜமாகவே பிடித்திருந்தது. மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிவைத்துப் பார்த்துவிட்டு, இந்தச் சிவப்பு எங்குமே கிடைக்காது, ஆளுக்கொரு பதியன் கொடு என்றார்.

கேட்டவருக்கு இல்லையென்று சொல்ல முடியாது. ஃபோல்கரின் காது மடல் சிவந்தது. "நான் அதைத் தொட மாட்டேன். இவ வெட்டுவா. பன்னி வெட்டுற கைதானே."

குண்டுலா முக்காலியில் ஏறிக் காளானோடு சில்லுக் கற்களை எடுத்தாள். சட்டைக் கையைச் சுருட்டியபோது மேல்கை கருநீலமாய்த் தெரிந்தது. நாலு பேரும் மீனைப் பார்த்தார்கள். ஆலையில் தேய்ந்து கழித்துப்போட்ட பழைய கத்தியால், முக்காலியில் நின்றபடியே தொட்டி விளிம்பில் இருந்த பலகையில் வைத்து, வாயின் குறுக்கே ஒரே இழுப்பில் ஒவ்வொன்றையும் இரண்டாக்கினாள். ஹென்கெயின் மனைவி ஜாடிகளை நீட்டினாள். யாரும் நன்றி சொல்லவில்லை.

"எனக்கு வேணாம், என் வீட்டுச் சரக்குத்தானே அது," என்றாள் லிஸ்பெத், கேக்கை மென்றுகொண்டே. "நான் குடுத்த ஒண்ணு இத்தனை ஆயிருக்கு. ஆனா இப்படிக் கிளைக்குக் கிளை எப்படி ஒட்டுச்சு? பம்பை ஓடவிட்டுச் சொரண்டுனியா ஃபோல்கர்? செயலாளர் பண்ற வேலையா இது? குண்டுலாகிட்ட நான் அன்னைக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னேனே."

அவள் குத்தலாகச் சொன்னாளே தவிர வேறெதுவும் நினைக்கவில்லை. ஃபோல்கர் மெதுவாகக் குண்டுலா பக்கம் திரும்பினான்.

"நீ கீழ கெடந்து பாத்துக்கிட்டு இருந்தே."

"ஆமா," என்றாள் குண்டுலா.

"பம்பு ஓடுதுன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்."

கதவைச் சாத்தும்வரை அவனால் பொறுக்க முடியவில்லை. ஒரே எட்டில் வந்து முக்காலிமேல் நின்றவளின் பின்முடியைப் பிடித்துத் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கினான். விளக்கு ஆடியது. தண்ணீர் விளிம்பைத் தாண்டிக் கேக்கின்மேல் கொட்டியது. போதும்ப்பா, ஃபோல்கர், என்றார் ஹென்கெ, உட்கார்ந்த இடத்திலிருந்தே. மற்றவர்கள் பழக்கப்படி மீனைப் பார்த்தார்கள். அன்றைக்கு அது முடியவில்லை. மீன்களுக்கு நடுவில் அவள் முகம் இருந்தது, கண் திறந்திருந்தது, அவர்களையே பார்த்தது.

அவள் வலது கையில் கத்தி அப்படியே இருந்தது. கோபம் வந்ததா என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. விளிம்பில் ஊன்றியிருந்த அவனுடைய இடது கையை விட்டுவிட்டுத் தலைக்குமேல் இருந்த வலது கையைத் தடவித் தேடினாள். மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே, உள்பக்கம், தசை விலகுகிற இடத்தில் நுனியை வைத்தாள். அழுத்தவில்லை, இழுத்தாள். முடியைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தாமே திறந்துகொண்டன. அவன் திறக்கச் சொல்லவில்லை, மூடச் சொன்னபோதும் அவை மூடவில்லை.

அவள் தண்ணீரிலிருந்து எழுந்து இருமினாள். ஃபோல்கர் தரையில் உட்கார்ந்து, தொங்குகிற கையை மடியில் வைத்துக்கொண்டு, ரத்தம் குபுகுபுவென்று வருவதைப் பார்த்தான். கொஞ்ச நேரம் அவனுக்கே புரியவில்லை. பிறகு நிமிர்ந்தான்.

"எல்லாரும் பாத்தீங்கல்ல. இவ என்னை வெட்டிட்டா. போலீசைக் கூப்பிடுங்க. சாட்சி சொல்லுங்க."

எகோன் காபிக் கோப்பையைத் தட்டில் வைத்தார். எழுந்து அடுப்போரம் போனார். அங்கே ஃபோல்கரின் அப்பா காலத்துக் கரி உடைக்கும் சுத்தியல் சாத்தியிருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"தொட்டி ஒடஞ்சுபோச்சு, ஃபோல்கர். நீ கையை ஊனி நின்னுட்டு இருந்தே. கண்ணாடி கையில ஏறிருச்சு."

"ஒடையலையே," என்றான் ஃபோல்கர்.

எகோன் அந்தத் தொட்டியை எப்படி நேசித்தார் என்பது சங்கத்துக்கே தெரியும். ஒருமுறை தடவிப் பார்த்தார், பெரிதாக மூச்சு இழுத்தார், சுரங்கத்தில் அடிப்பதுபோல் இடுப்பிலிருந்து வீசி அடித்தார். முதல் அடியில் கோடு விழுந்தது. இரண்டாவது அடியில் கடல் மொத்தமும் கூடத்துக்குள் வந்தது.

மேசை நகர்ந்தது. ரொட்டிகள் மிதந்தன. ஃபோல்கர் அலறினான், கைக்காக அல்ல, பவளத்துக்காக. லிஸ்பெத் முட்டி நனைய உட்கார்ந்து, கழுத்துத் துணியை அவிழ்த்து அவன் கையில் வெட்டுக்கு மேலே இறுக்கிக் கட்டினாள். "ஆடாம இரு. சாகவும் விட மாட்டேன், பேசவும் விட மாட்டேன்," என்றாள். ஹென்கெ பீர் கிளாசிலும் கேக் தட்டிலும் மீன்களை அள்ளினார். அவர் மனைவி குண்டுலாவின் கையிலிருந்து கத்தியை வாங்கி, அழுக்குக் கரண்டிகளோடு சேர்த்துக் கழுவி, துடைத்து இழுப்பறையில் வைத்தாள்.

ஆம்புலன்ஸ் வந்தது, பின்னாலேயே போலீஸ்காரி ஒருத்தி வந்தாள். ஃபோல்கர் நடந்ததை நடந்தபடியே சொன்னான். அந்த வீட்டுக்குள் அவன் வாயிலிருந்து வந்த முதல் உண்மை அது. நாலு பேரும் கண்ணாடி என்றார்கள். தனித்தனியாகக் கேட்டபோதும் கண்ணாடி என்றார்கள். எகோன் தன் காதைக் காட்டி, கண்ணாடி உடைந்த சத்தம் எனக்கே கேட்டது என்றார். குண்டுலாவின் கைகளையும் கழுத்தையும் போலீஸ்காரி வெகுநேரம் பார்த்தாள், பிறகு எழுதுவதை நிறுத்திவிட்டு ஒரு போர்வை கேட்டாள்.

இத்தனை வருசம் அவனுக்காக எதையும் பார்க்காமலிருந்த கண்கள், ஒரே ஒரு நாள் அவளுக்காகவும் பார்க்கவில்லை. இது நியாயமா என்று என்னிடம் கேட்காதீர்கள். அந்தக் கூடத்தில் ஒரு ஞாயிறாவது காபி குடித்தவர்களைக் கேளுங்கள்.

சாயங்காலம் மழை விட்டிருந்தது. குண்டுலாவின் பையை எகோன் தூக்கிக்கொண்டு லிஸ்பெத்தின் சந்துக்கு நடந்தார். ஈரத் தலையோடு அவள் பின்னால் போனாள். கூடத்தில் காளான்கள் ஈரக் கம்பளத்தின்மேல் சுருங்கிக் கிடந்தன, ஆனால் ஜாடிகளில் இருந்தவை உயிரோடு இருந்தன. வாசலில் எகோன் பையை இறக்கி வைத்தார். கோட்டுப் பையிலிருந்து தன் ஜாடியை எடுத்து அவள் கையில் கொடுத்தார். உள்ளே அரைக் காளான் ஒன்று வெட்டுவாயைச் சுருட்டிக்கொண்டு கிடந்தது.

குண்டுலா ஜாடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "எகோன், நீங்க பண்ணுனதுக்கு நான் எப்படி…"

"சொல்லாதம்மா," என்றார் எகோன். "சொன்னா பிடிக்காது."